ஆம்ப்ரோஸ் மாமாவின் இடது மீசை

ஆம்ப்ரோஸ் மாமா மாதிரி பேசிக் காட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. சுண்டு விரலை மேலுதட்டின் மேல் படுக்கவைத்து அழுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டுதான் சொற்கள் வெளியே வரவேண்டும். ‘ப’வும் ‘ம’வும் கொஞ்சம் நசுங்கும். நசுங்கட்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், விண்ணப்பப் பாரத்தில் முத்திரை குத்துவது போல, தலையை ஒருமுறை கீழே குத்துங்கள். மாமா வந்துவிடுவார்.

என் அப்பாவின் அக்கா பிலோமினம்மாளைக் கட்டியவர் அவர். சிங்கப்பூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கவுன்டரில் குமாஸ்தா. எழுபதுகளில், நீள முடி வளர்த்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று எல்லா கவுன்டரிலும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மற்ற குமாஸ்தாக்களுக்கு அது போஸ்டர். மாமாவுக்கு அது பத்துக் கட்டளைக்கு அடுத்தது. அப்போது என் அப்பாவுக்குக் காதை மூடுகிற அளவுக்கு முடி. ஏதோ ஒரு பாரம் வாங்கப் போன சொந்த மச்சானை மாமா முன்பின் தெரியாதவர் போலப் பார்த்து, பெஞ்சைக் காட்டி, கவுன்டர் மூடும்வரை உட்காரவைத்தார். அன்று சாயங்காலம் அப்பா அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அப்பாவுக்குத்தான் முதலில் பரிமாறச் சொன்னார். அத்தை முறைத்தபோது, “அது ஆபீஸ், இது வீடு” என்று தலையைக் குத்தினார்.

தலைமுடியைச் சட்டைக் காலருக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தியிருந்த மாமா, தடையில்லாத ஒரே இடமான மேலுதட்டில் வஞ்சகமில்லாமல் வளர்த்திருந்தார். அந்த மீசை மூக்குக்குக் கீழே மெல்லியதாகத் தொடங்கும். கன்னத்துக்குப் போகிற வழியில் பருக்கும். முனையில் மறுபடி ஊசியாகிவிடும். இரண்டு பக்கமும் அப்படியே. ஆனால் இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. அது சூரியக் குடும்பம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாமா சின்னப் பையனாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஐரிஷ்காரப் பிரதர் ஒருவர் கிரகங்கள் எப்படிப் பிறந்தன என்று பாடம் நடத்தினார். ஒரு காலத்தில் வேறொரு நட்சத்திரம் நம் சூரியனை உரசுகிற மாதிரி கடந்து போனதாம். அந்த இழுப்பில் சூரியனிலிருந்து நெருப்பு ஒரு சுருட்டு வடிவத்தில் நீண்டு வந்து, துண்டு துண்டாக உடைந்து, ஆறிக் கிரகங்கள் ஆனதாம். சுருட்டு நடுவில் பருமன் என்பதால் நடுவிலுள்ள வியாழனும் சனியும் பெரியவை. இரண்டு முனையிலும் இருப்பவை சிறியவை. வானம் அவ்வளவு விசாலமாக இருப்பதால் இரண்டு நட்சத்திரங்கள் இப்படி உரசிக்கொள்வது கோடியில் ஒரு விபத்து. ஆகையால் கிரகங்கள் நமக்கு மட்டும்தான். மற்ற நட்சத்திரமெல்லாம் மொட்டை.

அடுத்த பாடம் தொடங்குவதற்குள் ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு வந்துவிட்டான். பள்ளிக்கூடம் மூடியது. சண்டை முடிந்து திறந்தபோது மாமா வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் கடைசியாகப் படித்த பாடம் அதுதான். அதனால் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். மூக்கைத் தொட்டு “சூரியன்” என்பார். விரலை இடது மீசை வழியே நகர்த்துவார். “புதன், வெள்ளி, பூமி...” பருத்த இடத்தில் விரல் நிற்கும். “வியாழன்.” அப்புறம் சனி. கடைசியில் ஊசி முனையைத் திருகி, “புளூட்டோ.” முத்திரை.

இந்தப் பாடத்தை வாராவாரம் கேட்டவர் மருதப்பன். டெக்காவில், கெர்பாவ் ரோட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முகம் மழித்துப் போக வேண்டும் என்பதால் மாமா சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அங்கே இருப்பார். மருதப்பனின் குரலை எடுக்க வேண்டுமானால் கையில் கத்தரிக்கோல் வேண்டும். இரண்டு சொல், ஒரு ‘கிளிக்’. மூன்று சொல், இரண்டு ‘கிளிக்’. கத்தரிக்கோல் நின்றுவிட்டால் அவர் சீரியஸாகிவிட்டார் என்று அர்த்தம்.

கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் சாகுல் ஹமீது பாயின் தேநீர்க் கடை. அவர் ஆங்கிலப் பேப்பரை வாங்கி, டீ ஆற்றுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் உள்ளே வந்து எல்லோருக்கும் தமிழில் சொல்வார். எழுபத்திரண்டில் ஒரு சனிக்கிழமை அவர் கொண்டுவந்த செய்தி இது: அமெரிக்காவில் ஒரு வானியல் பேராசிரியர், பர்னார்டு நட்சத்திரம் என்ற ஒன்றுக்குக் கிரகங்கள் இருப்பதாகச் சொல்கிறாராம். கிரகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. நட்சத்திரம் நேராகப் போகாமல் ஆடி ஆடிப் போகிறதாம். ஏதோ ஒன்று பக்கத்திலிருந்து இழுக்கிறது, அதுதான் கிரகம் என்கிறார்.

மாமா முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆடினால் கிரகமா, கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிறவனும்தான் ஆடுகிறான் என்றார். பாய் பொறுமையாக விளக்கினார். இருட்டில் ஒருவன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் நாய் தெரியாது. ஆனால் ஆள் அப்படியும் இப்படியும் இழுபடுவது தெரியும். அப்படி என்றார். மருதப்பனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வானத்தில் இவ்வளவு நட்சத்திரம் இருக்க, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஏன் குடும்பம், மற்றதெல்லாம் என்ன சாமியாரா என்று கேட்டார்.

மாமா நுரைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

“வேற நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்குன்னு பேப்பர்ல போட்டு நிரூபிச்சுட்டா, என் பாதி மீசையை எடுத்துக்கிறேன்.”

கத்தரிக்கோல் நின்றது.

“எந்தப் பாதிண்ணே?”

“இடது. சூரியக் குடும்பம் இருக்கிற பாதி.”

மருதப்பன் பதிலுக்கு எதையும் பந்தயம் வைக்கவில்லை. வைக்க அவரிடம் மீசையும் இல்லை, தலையில் முடியும் இல்லை. அன்றிலிருந்து ஒன்று மட்டும் மாறியது. மாமாவின் இடது மீசையை அவர் தன் சொத்தாகக் கருத ஆரம்பித்தார். வலது பக்கத்தை இரண்டு வெட்டில் முடித்துவிடுவார். இடது பக்கத்துக்கு எண்ணெய், சின்னச் சீப்பு, தனிக் கத்தரிக்கோல். நரை வந்தபோது மாமா சாயம் போடச் சொன்னார். அது என் பாதி, எனக்கு அசலாத்தான் வேணும் என்று மருதப்பன் மறுத்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் சாயம் போட்டுக்கொள்ள முடியாது என்பதால் மாமாவின் மீசை முழுவதும் உப்பும் மிளகுமாகவே நின்றது.

பர்னார்டு நட்சத்திரத்தின் கதை சீக்கிரமே நாறிப்போனது. கொஞ்ச காலம் கழித்து வேறு ஆட்கள் வேறு தொலைநோக்கியில் பார்த்தால் நட்சத்திரம் ஆடவே இல்லையாம். பழைய தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருக்கிறார்கள்; ஆட்டம் அதனால் வந்திருக்கலாம் என்கிறார்களாம். மாமா அன்று கடையிலிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். போகும்போது மருதப்பனின் சுவர்க்கண்ணாடியை ஒரு விரலால் தடவி, அதையும் ஒரு தடவை கழற்றித் துடைக்கச் சொன்னார், ஏதாவது கிரகம் விழும் என்று.

அதன் பிறகு பல வருஷம் மீசை நிம்மதியாக இருந்தது. மகள் ஜோன் செகண்டரி ஸ்கூலில் படிக்கும்போது அப்பாவின் சுருட்டு தியரியை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். இப்போது சொல்வது வேறாம்: தூசியும் வாயுவும் தட்டு மாதிரி சுழன்று, அதன் நடுவில் சூரியனும், சுற்றிலும் கிரகங்களும் சேர்ந்து திரண்டனவாம். அப்படியானால் எல்லா நட்சத்திரத்துக்கும் இருக்கலாம். மாமா கேட்டுக்கொண்டார். பிறகு, பிரதர் சொன்னது வேறு என்று முத்திரை குத்தினார். ஜோன் பிற்பாடு ஆசிரியையாகி அதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தினாள். வீட்டில் மட்டும் நடத்தவில்லை.

எண்பத்து மூன்றிலும் எண்பத்து நாலிலும் ஆபத்து மறுபடி நெருங்கியது. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி இருப்பது தெரிந்ததாம். அடுத்த வருஷம் இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றி அந்தத் தூசித் தட்டைப் படமே பிடித்துவிட்டார்களாம். மருதப்பன் உற்சாகமாகக் கடையின் தரையைக் காட்டினார். நாள் பூராவும் வெட்டிய முடி, மின்விசிறிக் காற்றில் சுற்றிச் சுற்றி, நாற்காலிக் காலடியில் உருண்டை உருண்டையாகச் சேர்ந்திருந்தது. இதை யார் உருட்டினது, தானாகத்தானே உருண்டது என்றார். மாமா குனிந்து பார்த்தார். இது தூசி, பந்தயம் கிரகத்துக்கு என்றார். பாயும் அதை ஒப்புக்கொண்டார். முடியுருண்டையைக் கூட்டித் தள்ளினார்கள்.

இதற்கிடையில் ஜோனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எட்மண்ட், கேலாங்கில் வீடு, நல்ல பையன். கதைக்கு வேண்டியவர் அவனுடைய அம்மா அல்போன்சம்மாள். இவர் குரலை எடுக்கக் குரலே தேவையில்லை. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் போதும். பூசையை ஒரு நாள் விடமாட்டார், ஜெபமாலையைக் கைப்பையிலிருந்து கீழே வைக்கமாட்டார், சகுனத்தையும் விடமாட்டார். மூத்த மகனின் நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் மாற்றும் நேரத்தில் கரண்ட் போனதென்று கல்யாணத்தையே ஒரு வருஷம் தள்ளிப் போட்டவர். பெண் பார்க்க வந்தபோது மாமாவை ஏறிட்டுப் பார்த்து அவர் சொன்ன ஒரே பாராட்டு, இந்த மீசையைப் பார்த்தாலே குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிகிறது என்பதுதான். அத்தை அதை மனப்பாடம் செய்து அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொன்னார்.

கல்யாணம் ஜனவரியில். டிசம்பரில் பாய் பேப்பரோடு உள்ளே வந்தார். மாமாவின் மடியில் பேப்பரை வைத்தார்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது என்று தலைப்பு. ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். இந்த முறை ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. கிரகத்தின் வெளிச்சத்தையே பார்த்திருக்கிறார்களாம். வியாழனைப் போலப் பல மடங்கு கனம், அடுப்பு மாதிரி சூடு.

மருதப்பனின் கையில் சவரக்கத்தி இருந்தது. கடையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவர் அதை மடித்து வைத்துவிட்டார். பொண்ணு கல்யாணம் முடியட்டும்ணே, அப்புறம் பாத்துக்கலாம் என்றார். பாயும் அதுதான் நியாயம் என்றார். மாமா தலையை ஆட்டினார். முத்திரை குத்தவில்லை, ஆட்டினார்.

வீட்டில் ஜோன் அந்தச் செய்தியை முழுவதும் படித்துவிட்டு அப்பாவுக்குச் சாதகமாகவே பேசினாள். இவ்வளவு பெரிய ஒன்று தூசித் தட்டில் எப்படித் திரளும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அது நட்சத்திரமாகப் பிறக்கப் போய்ப் பாதியில் நின்றுபோன ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். “அது கிரகமே இல்லாமப் போகலாம்லா, அப்பா” என்றாள். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷக் கவுன்டர் சும்மா விடுமா? பாரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, தலைப்பில் கிரகம் என்று போட்டிருக்கிறது என்றார்.

அத்தைக்கு இதெல்லாம் தேவையில்லை. கல்யாணத்தன்று மீசையில் ஒரு முடி குறைந்தாலும் தான் கோயிலுக்கு வரப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். பாதி மீசையோடு ஒருவன் பெண்ணை அழைத்துவந்தால் அல்போன்சம்மாள் கல்யாணத்தை நிறுத்திவிடுவார். முழுவதும் எடுத்துவிட்டால் இன்னும் மோசம். அப்பனைப் பறிகொடுத்தவன் கோலம் அது. எப்படிப் பார்த்தாலும் மீசை இருக்க வேண்டும்.

மீசை இருந்தது. ஆனால் தெருவில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். பூக்கடையில் மாலைக்குச் சொல்லப் போனால் பூக்காரர் மாலையைப் பற்றிப் பேசாமல் இடது கன்னத்தையே பார்த்தார். வெற்றிலைக் கடையில் நாலு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் கவுன்டரில், காதை மூடிய முடியோடு ஒரு பையன் வந்தான். மாமா வழக்கம்போலப் பெஞ்சைக் காட்டினார். அவனுக்கு டெக்காவில் வீடு போலிருக்கிறது. உட்காரப் போனவன் திரும்பி, “அங்கிள், உங்க மீசைக்கு மட்டும் போஸ்ட்போனா?” என்றான்.

அவனுக்கு நாள் முழுக்க முத்திரை கிடைத்திருக்காது என்றுதான் நினைப்பீர்கள். அவனைத்தான் அடுத்ததாகக் கூப்பிட்டாராம். அந்தப் போஸ்டரின் வாழ்நாளில் அப்படி நடந்தது அன்று ஒரு முறைதான்.

சாயங்காலம் மாமா நேராக மருதப்பனின் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எடு.”

மருதப்பன் மறுத்தார். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பைத்தியமா என்றார். மாமா விடவில்லை. மருதப்பன் பாயைக் கூப்பிட்டார். பாய் கெஞ்சினார். மாமா சொன்னது இவ்வளவுதான்: நாளைக்கு அத்தனை பேர் முன்னால் அவர் மகள் கையைப் பிடித்து நடக்கப் போகிறார், பார்க்கிறவன் எல்லாம் சொன்ன சொல்லை நாளைக்குத் தள்ளிப்போட்ட மீசை என்று பார்த்தால், அந்த நடை நடந்து என்ன பிரயோஜனம்? மருதப்பன் கடைசியாக ஒன்று சொன்னார்.

“பன்னண்டு வருஷமா வளத்திருக்கேன்ணே. என் கையால எப்படிண்ணே?”

“அப்ப கத்தியைக் குடு. நானே எடுத்துக்கிறேன்.”

அதை மருதப்பனால் தாங்க முடியவில்லை. கோணலும் மாணலுமாக வெட்டிவிடுவார் என்று பயம். சோப்பைக் குழைத்தார். முனையிலிருந்து தொடங்கினார். “புளூட்டோ போச்சு” என்றார். கத்தியைத் துண்டில் துடைத்தார். “நெப்டியூன். யுரேனஸ்.” சனியும் வியாழனும் கனம் என்பதால் கத்தி இரண்டு முறை ஓட வேண்டியிருந்தது. செவ்வாயைத் தாண்டியதும் கை நின்றது. இங்கேதான் நாம இருக்கோம், ஆடாதீங்க என்றார். பூமியும் போயிற்று. வெள்ளி, புதன். மூக்கு மட்டும் மிச்சம்.

மாமா வீட்டுக்கு வந்தபோது அத்தை புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி உள்ளே வந்தார். அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பினார். தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடியில் புடவை கருகுகிற வாசனை வந்தபிறகுதான் அத்தைக்கு வாய் வந்தது. அந்தக் குரலை நான் எடுத்ததில்லை. எடுக்கவும் போவதில்லை. ஜோன் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கமாகவும் இடது பக்கமாகவும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சோபாவில் விழுந்து சிரித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.

வழி சொன்னதும் அவள்தான். பங்குக் கோயிலில் கிறிஸ்மஸ் நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதில் ஏரோது மன்னன் நான். ஏரோதின் மீசை ஒரு பிஸ்கட் டின்னில், மேக்கப் கோந்தோடு பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். மருதப்பனும் வந்து சேர்ந்தார். ஏரோதை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மாமாவின் வடிவத்துக்குச் சீவினார். ஆனால் ஏரோது மை மாதிரி கறுப்பு. மாமாவோ உப்பும் மிளகும். முகப்பவுடரைத் தூவி நரையாக்கினார்கள். அத்தை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மூச்சை மட்டும் விட வேண்டாம் என்றார்.

கோயிலில் பெண் வீட்டார் இடது பக்கம், மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம். ஆகவே பீடத்தை நோக்கி நடக்கும்போது அல்போன்சம்மாளுக்குத் தெரியப் போவது வலது மீசை, அசல் சரக்கு. ஏரோதின் பாதி எங்கள் பக்கம். இதை ஜோன்தான் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகவே இருந்தது. ஆர்கன் தொடங்கியது, மாமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமும் திருப்பாமல், லூர்து மாதா கோயிலின் நடுப்பாதையில் தபால்பெட்டி மாதிரி நிமிர்ந்து நடந்தார். அல்போன்சம்மாள் முன் வரிசையிலிருந்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். ஜோனை எட்மண்டிடம் ஒப்படைத்தாயிற்று. முடிந்தது என்று நினைத்தோம்.

மாமாவுக்குப் பாட்டு என்றால் அடங்காது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து வாயைத் திறந்தார். கோயிலில் கூட்டம், வெக்கை, மேலே மின்விசிறி சுற்றினாலும் வேர்வை. ஒவ்வொரு நீட்டலுக்கும் வலது மீசை உதட்டோடு போனது; இடது மீசை ஒரு தாளம் தள்ளிப் போனது. எனக்குப் பின்வரிசையில் மருதப்பனும் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடுறதப் பாத்தீங்களா பாய் என்று மருதப்பன் கேட்டது எனக்குக் கேட்டது. அடுத்த நீட்டலில் புளூட்டோ உதட்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. அல்போன்சம்மாள் தன் வரிசையை விட்டு எழுந்தார். நடுப்பாதையைக் கடந்தார். நேராக மாமாவிடம் வந்தார். அத்தை ஜெபமாலையைப் பிடித்த பிடியில் மணி தெறிக்கும் போலிருந்தது. ஜோன் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டாள். மாமா அசையவில்லை. வேறு வழியில்லாமல் இடது பக்கத்தையும் சேர்த்து முழு முகத்தையும் அவருக்குக் காட்டி நின்றார்.

அல்போன்சம்மாள் கைகூப்பினார். உதடு அசையாத மாதிரி பேசினார்.

“சம்பந்தி, இடது பக்கம் ஆடுது. பாடாதீங்க.”

கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை நீட்டினார்.

“இத வச்சுப் பிடிச்சுக்குங்க. அழற மாதிரி இருக்கும்.”

மாமா வாங்கி மேலுதட்டில் வைத்து அழுத்திக்கொண்டார். பின்வரிசைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கவுன்டரில் சொந்த மச்சானுக்கே இரங்காத ஆம்ப்ரோஸ், மகளைப் பிரிகிற துக்கம் தாளாமல் கைக்குட்டையில் முகம் புதைத்துவிட்டார். யாரோ ஒரு அம்மா விசும்பினார். அதைக் கேட்டு இன்னொருவர். அத்தை, கல்யாணம் நிற்கவில்லை என்ற நிம்மதியில், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதார். நற்கருணைக்கு வரிசை போகும்போது பாதிக் கோயில் மூக்கைச் சிந்தியது. பங்குச்சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விருந்தில் அத்தை மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அல்போன்சம்மாள் முறுக்கை உடைத்தபடியே, டிசம்பரிலேயே தெரியும் என்றார். டெக்கா மார்க்கெட்டுக்குப் போனால் மீன் விற்கிறவர் வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அத்தை கேட்டார்.

“என்ன செய்றாருன்னு பாத்தேன். முழு மீசையோட வந்திருந்தாத்தான் யோசிச்சிருப்பேன்.”

இரண்டு மூன்று வருஷம் போயிற்று. மீசை மறுபடி வளர்ந்தது. இடது பக்கம் இன்னும் ஒரு நூல் குட்டை. ஒரு சனிக்கிழமை பாய் மறுபடியும் உள்ளே வந்து மாமாவின் மடியில் பேப்பரை வைத்தார். வேறு ஆட்கள், இன்னும் பெரிய தொலைநோக்கிகளை வைத்து, அந்த மங்கலான நட்சத்திரத்தின் பக்கத்தில் தேடிப் பார்த்தார்களாம். அங்கே ஒன்றும் இல்லையாம்.

மாமா அதை இரண்டு முறை படித்தார். நுரை காய்ந்துகொண்டிருந்தது. ஜோனின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிறார்கள். மாமா மட்டும் எல்லாப் படத்திலும் கைக்குட்டையோடு நிற்கிறார். அத்தனையும் இல்லாத ஒன்றுக்காக. மருதப்பன், தான்தான் மாட்டேன் என்று சொன்னதை மெதுவாக ஞாபகப்படுத்தினார். மாமா கண்ணாடியில் தன் இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இனிமே எவன் கண்டுபிடிச்சாலும்,” என்றார் கடைசியில், “வேற ஒருத்தன் வந்து பாத்து ஆமான்னு சொன்னதுக்கப்புறம்தான் கத்தி.”

தலையை ஒருமுறை கீழே குத்தினார்.

மருதப்பன் அந்தச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, இடது முனையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு முடியை வெட்டினார். புளூட்டோ இன்னும் சரியா வரலைண்ணே, பொறுங்க என்றார்.